நோயிலார் சுமக்கும் நோய்க்கிருமி

நோய் என்பது நோயுற்றாரிடத்திலிருந்தே பிறர்க்குப் பரவும் என்பது உலகத்தார் பொதுவாகக் கொண்டுள்ள கருத்து. அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகுவதும், இருமுவாரைக் கண்டு ஒதுங்குவதும் இக்கருத்துப் பற்றியே. ஆயின் உடலில் யாதொரு குறையுமின்றி உண்டு, உறங்கி, உழைத்துத் திரியும் ஒருவர், தம் மூக்கின் உட்புறத்திலும் கைவிரல்களிலும் கொடிய கிருமியொன்றைத் தாங்கிச் சென்று, தாம் நலஞ்செய்யப் புகுந்தவர்க்கே தீங்கு விளைத்தல் கூடும் என்றால், கேட்பார்க்கு வியப்பும் அச்சமும் ஒருங்கே எழும். அங்ஙனம் தாங்கிச் செல்வோர் யாவர்? மருத்துவசாலைகளில் இரவு பகல் பாராது பணிபுரியும் மருத்துவரும், தாதியரும், ஏவலருமே.

இப்பொருளைப்பற்றி எழுதுமாறு என்னைத் தூண்டியது ஒரு கடிதம். முன்னர் என்னிடம் தமிழ் பயின்று, பின்னர்த் தாதியர் பயிற்சி பெற்று, வேற்றூர் மருத்துவசாலையொன்றில் பணிபுரியும் மாணவி ஒருவர் அதனை எழுதியிருந்தார். அவ்விடத்து நோயாளர் சிலருக்குப் புண் ஆறாது சீழ் கொள்ளவே, தாதியரையும் ஏவலரையும் சோதித்தனராம். மருந்துக்கு அடங்காத கிருமி இம்மாணவியின் மூக்கில் இருப்பதாகத் தெரிந்ததாம். அன்று முதல் உடன்பணிபுரிவார் தம்மோடு ஒரு பலகையில் அமர்ந்து உண்பதற்கும் கூசுகின்றனர் என்றும், "ஐயா, நான் யாது பிழை செய்தேன்?" என்றும் வினவியிருந்தார். அவ்வினாவிற்கு ஒரு வரியில் விடை எழுத இயலவில்லை. நம் கல்லூரியினின்றும் ஆண்டுதோறும் சிலர் மருத்துவத் துறைக்குச் செல்கின்றாராதலின், அவ்விடையைச் சற்று விரித்து ஈண்டு வரைகின்றேன்.

முதற்கண் இக்கிருமி யாதென அறிந்துகொள்வாம். ஸ்காத்லாந்து தேசத்து அபர்தீன் நகரில் இரணசிகிச்சை நிபுணராயிருந்த அலெக்ஸாண்டர் ஆக்ஸ்டன் என்பார், 1880ஆம் ஆண்டையொட்டி, சீழ்க்கட்டிகளைக் கீறி எடுத்த சீழைப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து நோக்கினார். சிறு சிறு உருண்டைகள் கொத்துக் கொத்தாகத் திரண்டிருக்கக் கண்டார். அவை திராட்சைக் குலையை ஒத்திருந்தமையின், அக்குலையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு 1882இல் ஸ்டாபிலோகாக்கஸ் எனப் பெயரிட்டார். இவற்றுள் ஒரு வகை பொன்னிறமாக வளர்தலைக் கண்ட ரோசன்பாக் என்னும் ஜெர்மானிய அறிஞர், பொன்னைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை அடையாக்கி, 1884இல் 'ஆரியஸ்' என்பதைச் சேர்த்தார். பெயர் நெடிதாதலின் இக்கட்டுரையில் அதனைப் பொன்னிறக் கிருமி என்றே வழங்குவேன்.

இக்கிருமி மக்கட்குப் புதிய விருந்தன்று. நலமுடையாரது மூக்கைச் சோதித்த ஆராய்ச்சியாளர், ஏறக்குறைய நூற்றுக்கு 30 பேரிடத்து இஃது உறைதலைக் கண்டுள்ளனர். சிலரிடத்து நிலையாகத் தங்கும், சிலரிடத்து வந்து வந்து நீங்கும், சிலரை அணுகுவதேயில்லை. மூக்கின் முன்வாயிலில் உரோமங்கள் நிற்கும் பகுதியே இதற்கு உவந்த இடம். மனிதன் தன்னையறியாது ஒரு நாளிற் பன்முறை மூக்கைத் தொடுகின்றான். தொட்ட விரல் பிறிதொன்றைத் தொடுகின்றது. எனினும் நம்மிற் பெரும்பாலார்க்கு இதனால் தீங்கில்லை. என்னை? உடம்பைப் போர்த்த தோல் ஒரு கோட்டை. அது பழுதுபடாதிருக்கும்வரை பகைவன் வாயிலிலேயே நிற்பான். அறுக்கப்பட்ட வயிறும், தீயினால் வெந்த உடம்பும், இரத்தக்குழாயிற் செருகிய குழாயும், மாதம் நிரம்பாது பிறந்த மகவின் மெல்லிய தோலும் திறந்து கிடக்கும் கோட்டை வாயில்கள். மருத்துவசாலையோ இத்தகைய வாயில்கள் வரிசையாகக் கிடக்கும் இடம். அவற்றின் வழியே உட்புகும் பொன்னிறக் கிருமி, இரத்தத்திற் கலந்து, எலும்பையும் இதயத்தின் கதவுகளையும் பற்றி உயிரையும் கவர்தல் உண்டு.

கிருமி இன்னதென அறியப்படாத காலத்திலேயே, அதனைச் சுமந்து செல்லும் கை எதுவெனக் கண்டறிந்த ஒருவர் இருந்தார். இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் அம்மருத்துவர் ஹங்கேரி நாட்டினர். வியன்னா நகரத்துப் பெரிய மருத்துவசாலையின் மகப்பேற்றுப் பகுதியிற் பணியாற்றியவர். அங்கே மகப்பேற்று விடுதிகள் இரண்டு இருந்தன. முதல் விடுதியில் மருத்துவரும் மருத்துவ மாணவரும், இரண்டாவதில் மருத்துவச்சியரும் பணி செய்தனர். 1846இல் முதல் விடுதியிற் சேர்ந்த தாய்மாருள் நூற்றுக்கு 11 பேருக்கு மேல் மாண்டனர். இரண்டாவதில் மாண்டோர் நூற்றுக்கு 3 பேருக்கும் குறைவு. இவ்வேற்றுமை ஊரறிந்த செய்தியாயிற்று. முதல் விடுதியில் தம்மைச் சேர்க்கலாகாது என்று பெண்கள் முழந்தாளிட்டு வேண்டினர் என்று செம்மல்வைஸ் எழுதியுள்ளார். கற்றோர் கையிற் சாவும், கல்லாதார் கையிற் பிழைப்பும் இருந்தது கண்டு அவர் உள்ளம் வருந்திற்று.

1847 மார்ச்சு மாதத்தில் அவருடைய நண்பர் கோலெட்ஷ்கா, பிணத்தை அறுத்துச் சோதிக்கும்போது மாணவனொருவன் கத்தி விரலிற் பட்டு, அக்காயத்தினாலேயே இறந்தார். அவருடைய உடலிற் காணப்பட்ட குறிகள், பிள்ளை பெற்று இறந்த தாய்மாரிடத்துக் காணப்பட்டவற்றையே ஒத்திருந்தன. செம்மல்வைஸுக்கு உண்மை விளங்கிற்று. பிணச்சாலையிலிருந்து நேரே பேற்று விடுதிக்கு வரும் மருத்துவர் கைகளே நஞ்சைச் சுமந்து வருவன! மே மாதத்தில், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் ஒவ்வொருவரும் கைகழுவியே உட்புகவேண்டும் என விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூலையில் நூற்றுக்கு 1 என்னும் அளவிற்குத் தாழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மற்றொன்று நிகழ்ந்தது. புற்றுநோயாற் கருப்பையில் அழுகல் கண்ட பெண்ணொருத்தி முதற் படுக்கையில் இருந்தாள். அவளைச் சோதித்தபின் கைகளைச் சவர்க்காரத்தால் மட்டும் கழுவி, அவ்வரிசையிலிருந்த பிறரைச் சோதித்தனர். உடன் பேறுற்ற 12 பேருள் 11 பேர் இறந்தனர். பிணத்திலிருந்து மட்டுமன்றி, உயிருள்ளாரிடத்திருந்தும் கைவழியே நோய் ஏறும் என்பது அன்று தெரியவந்தது.

இதனைக் கேட்ட மருத்துவர் உலகம் மகிழ்ந்ததோ? இல்லை. 'நம் கைகளா கொலை செய்வன?' என்னும் சினமே பலரிடத்து எழுந்தது. செம்மல்வைஸும் மென்மையாகப் பேசத் தெரிந்தவரல்லர். மறுத்தவரைக் கொலைஞர் என்றே கடிதங்களில் இடித்துரைத்தார். 1865இல் அவர் மனநோயாளர் விடுதியொன்றில் இறந்தார். அவர் எதிர்த்துப் போராடிய கிருமி பொன்னிறக் கிருமியன்று, அதற்கு இனமான பிறிதொன்றுமன்று, வேறு குடும்பத்தது. ஆயினும் சுமப்பவர் கதை இரண்டிற்கும் ஒன்றே.

நிற்க. இனி மருந்துக்கு அடங்காமை என்பது யாது? 1928இல் இலண்டன் மாநகரில் அலெக்ஸாண்டர் பிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தபோது, பூஞ்சணம் விழுந்த கண்ணாடித் தட்டில் அவர் வளர்த்திருந்தது ஸ்டாபிலோகாக்கஸ் கிருமியே. ஆகவே பெனிசிலினுக்கு முதன்முதல் தோற்ற பகைவன் இவனே எனலாம். இரண்டாம் உலகப் போரின்போது அம்மருந்து பெருக வழங்கலாயிற்று; சாவை நோக்கியிருந்தார் பலர் எழுந்து நடந்தனர். ஆயின் 1945இல் நோபெல் பரிசு பெற்றபோது நிகழ்த்திய சொற்பொழிவிலேயே, மருந்தைக் குறைந்த அளவிற் கொடுப்பின் கிருமிகள் அதனைத் தாங்கப் பழகிவிடும் என்று பிளெமிங் எச்சரித்தார்.

எச்சரிக்கை பலிக்க நெடுங்காலம் ஆகவில்லை. இலண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவசாலையில் மேரி பார்பர் என்னும் அம்மையார், நோயாளரிடமிருந்து எடுத்த பொன்னிறக் கிருமிகளை ஆண்டுதோறும் சோதித்து வந்தார். 1946இல் அவற்றுள் ஏழில் ஒரு பங்களவே பெனிசிலினை எதிர்த்து நின்றது. 1948இல் பாதிக்கு மேற்பட்டவை எதிர்த்தன. அம்மையார் கண்ட நுட்பம் யாதெனின், நோயாளரின் உடம்பினுள்ளே கிருமிகள் புதிதாக மாறியமையாலன்று, முன்னரே எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த கிருமிகள் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மருத்துவசாலைக்குள்ளேயே பரவியமையால் இப்பெருக்கம் உண்டாயிற்று என்பதே. அடங்கும் கிருமிகள் மருந்தினால் மாளமாள, அடங்காதவை அவை விட்ட இடத்தைப் பிடித்துக்கொண்டன. கோடையில் பயிர் கருகிய வயலிற் கோரை மட்டும் நின்று தழைப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கிருமி எவ்வாறு எதிர்க்கின்றது? பொன்னிறக் கிருமிக்குச் சுற்றிலும் ஒரு மதில் உண்டு. அது வளருந்தோறும் அம்மதிலைக் கட்டும் கொத்தர்போல உள்ளிருந்து சில பொருள்கள் வேலை செய்கின்றன. பெனிசிலின் அக்கொத்தரின் கையைப் பற்றிக்கொள்ளும். மதில் நிரம்பாது கிருமி வெடித்து மாயும். இதற்குக் கிருமி கண்ட முதல் உபாயம், பெனிசிலினையே வெட்டிச் சிதைக்கும் ஒரு பொருளைச் சுரத்தல். மனிதன் சளைத்தானல்லன், அவ்வெட்டுக்குத் தப்பும் வண்ணம் அமைந்த மெதிசிலின் என்னும் மருந்தை இயற்றினான். 1960இல் அது வழக்கிற்கு வந்தது. மறு ஆண்டே இங்கிலாந்தில் பட்ரீஷியா ஜெவன்ஸ் என்னும் அம்மையார், தாம் சோதித்த 5,000க்கு மேற்பட்ட கிருமி வகைகளுள் மூன்று மெதிசிலினுக்கும் அடங்காமையை வெளியிட்டார். அம்மூன்றும் ஒரே மருத்துவசாலையிலிருந்து வந்தவை. இம்முறை கிருமி கையாண்ட உபாயம் வேறு. மருந்தின் பிடிக்கு அகப்படாத கையுடைய புதிய கொத்தன் ஒருவனை அது வேலைக்கு அமர்த்தியிருந்தது. அக்கொத்தனை ஆக்கும் மரபணு இன்ன கிருமியிடத்து இருப்பின் அதனை எம்.ஆர்.எஸ்.ஏ. என மருத்துவர் வழங்குவர்.

ஈண்டு ஒரு செய்தியைக் கூறாது செல்ல மனம் வரவில்லை. பழைய கிருமிகளின் மரபணுக்களை ஒப்பிட்டு 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, மெதிசிலின் பிறப்பதற்குப் பதினைந்தாண்டளவு முன்னரே இவ்வகைக் கிருமி தோன்றிவிட்டது எனக் கூறுகின்றது. பெனிசிலினை மிகுதியும் வழங்கியதே அதனை வளர்த்ததாம். 2022இல் வெளியான மற்றொன்றோ, ஐரோப்பாவிலுள்ள முள்ளெலிகளின் தோலில், மருந்துக் காலத்திற்கு நெடுநாள் முன்னரே இதன் இனமொன்று வாழ்ந்தது என்கின்றது. முள்ளெலியின் தோலில் வளரும் பூஞ்சணம் பெனிசிலின் போன்ற பொருளைத் தானே சுரப்பதால், அங்கு வாழ்ந்த கிருமி அதனைத் தாங்கக் கற்றுக்கொண்டதாம். நாம் புதியதெனக் கருதிய போர் மிகப் பழையது போலும்.

எம்.ஆர்.எஸ்.ஏ. சுமப்பவர்க்குப் பொன்னிறக் கிருமியின் ஏனைய வகைகளைவிட மிகுந்த துன்பம் செய்வதன்று. துன்பமெல்லாம், அது புண்ணிற் புகுந்தபின் எளிய மருந்துகள் பயன்படாமையே. வான்கோமைசின் போன்றவை உள. ஆயின் அதனை இரத்தக்குழாய் வழியாகச் செலுத்தி, சிறுநீரகம் கெடாதவாறு அளவைச் சோதித்துக்கொண்டே இருத்தல் வேண்டும்.

இனி, மருத்துவசாலைப் பணியாளர் எத்தனை பேரிடம் இஃது உளது? 2008இல் இரு மருத்துவ அறிஞர், 127 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கினர். சோதிக்கப்பட்ட பணியாளர் 33,318 பேருள் எம்.ஆர்.எஸ்.ஏ. சுமந்தோர் நூற்றுக்கு 4.6 பேர். அங்ஙனம் சுமந்தாருள் தாமே நோயுற்றோர் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. மற்றையோர் தம்மிடம் அது இருப்பதனை அறியவும் மாட்டார். அன்றியும், பணி முடியும் மாலையில் மூக்கிற் காணப்படும் கிருமி மறுநாட் காலையில் இல்லாது போதலும் உண்டு. நோயாளரைத் தொட்டதனால் ஒட்டிக்கொண்டு, தானே நீங்குவது அது. ஆகவே இம்மாணவி தம் நோயாளருக்குக் கிருமியைக் கொடுத்தாரோ, அன்றி அவர்களிடமிருந்து தாம் பெற்றாரோ என்பது, ஒருமுறை பஞ்சு சுற்றிய குச்சியால் மூக்கைத் தடவிப் பார்த்து முடிவு கட்டத்தக்கதன்று. கிருமி வகைகளின் மரபணுக்களை ஒப்பிட்டாலன்றி உண்மை புலனாகாது.

சுமப்பவரே பரப்புவோராதலும் உண்டென்பதை மறைக்க விரும்புகின்றேனல்லேன். 1996இல் ஐக்கிய அமெரிக்க நாட்டினின்றும் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று இதற்குச் சான்று. தீவிர சிகிச்சைப் பகுதியொன்றில் எம்.ஆர்.எஸ்.ஏ. பரவிற்று. தேடிப் பார்த்தவிடத்து, மருத்துவர் ஒருவர் மூக்கில் அதே கிருமி காணப்பட்டது. பரவிய நாள்களில் அவருக்குச் சளி பிடித்திருந்தது. சளி இல்லாத காலத்தில் அவரைச் சுற்றியுள்ள காற்றில் கிருமி மிகக் குறைவு. அவ்வாராய்ச்சியின்பொருட்டு அவருக்குச் சளியை வருவித்துச் சோதித்தபோதோ, காற்றிற் சிதறிய கிருமி 40 மடங்கு பெருகிற்று. மூக்கையும் வாயையும் முகமூடியால் மறைத்தவுடன் மிகவும் குறைந்தது. மேகம் மழையைச் சுமப்பதுபோல் கிருமியைச் சுமக்கும் இத்தகையோரை 'மேகமனிதர்' என அவர்கள் வழங்கினர். தம்மைச் சோதனைக்கு உட்படுத்த இசைந்த அம்மருத்துவரை நான் மிக மதிக்கின்றேன்.

எனினும் இத்தகைய மேகமனிதர் அரியர். கிருமி பெரும்பாலும் செல்லும் வழி கையே. கையுறை அணிந்தோம் என்று ஒரு நோயாளரைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரைத் தொடுவாராயின், கையுறையும் கையே ஆகும். இவ்வழியை அடைத்தற்கு ஸ்விட்ஸர்லாந்தின் ஜெனீவா நகர மருத்துவசாலையில் டிடியே பித்தே என்னும் மருத்துவரும் அவர்தம் துணைவரும் செய்த முயற்சி புகழ்பெற்றது. கைகழுவ வேண்டிய தருணங்களுள் எத்தனையில் கழுவுகின்றனர் என அவர்கள் எண்ணிப் பார்த்தனர். 1994இல் நூற்றுக்கு 48, பாதியும் இல்லை! வேலை மிகுந்த இடங்களில் கழுவுதல் மேலும் குறைந்திருந்தது. அதற்குக் காரணம் சோம்பல் அன்று, நேரமின்மையே என அவர்கள் தெளிந்தனர். குழாயடிக்குச் சென்று, சவர்க்காரமிட்டுக் கழுவி, துடைத்து மீள்வதற்கு ஒரு நிமிஷத்திற்கு மேலாகும். ஆல்கஹால் கலந்த திரவத்தைப் படுக்கையருகிலேயே வைத்தால், அரை நிமிஷத்தில் கையிற் பூசித் தேய்த்து முடித்துவிடலாம். அவ்வாறே வைத்தனர், சுவர்தோறும் படமெழுதி அறிவுறுத்தினர். 1997இல் கைச்சுத்தம் நூற்றுக்கு 66 ஆக உயர்ந்தது. மருத்துவசாலையிலேயே நோய் தொற்றியோர் 1994இல் நூற்றுக்கு 16.9 ஆக இருந்தது 1998இல் 9.9 ஆகக் குறைந்தது, எம்.ஆர்.எஸ்.ஏ. பரவுதலும் பாதிக்கும் கீழாயிற்று.

அவ்வறிக்கையில் ஒரு வரி என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கைச்சுத்தத்தில் முன்னேறியோர் தாதியரும் அவர்தம் உதவியாளரும். மருத்துவரோ முன்போலவே பின்தங்கியிருந்தனர் என்பதே அது. வியன்னாவின் இரு விடுதிகளும் உடனே நினைவிற்கு வந்தன. நூற்றைம்பது ஆண்டு கழிந்தும், கல்வியால் உயர்ந்தவர் கை தூயது என்னும் மயக்கம் முற்றும் நீங்கியபாடில்லை. பிழை நேர்ந்துழி முதலிற் சோதிக்கப்படுவோர் தாதியரும் கூட்டுவோருமாகவும், எல்லாப் படுக்கைகளையும் சுற்றிவரும் பெரிய மருத்துவர் கடைசியாகவும் இருத்தல் அறிவியலுக்கு ஒத்ததன்று. ஒரு தாதி சில படுக்கைகளையே காப்பாள். மருத்துவரின் கையோ ஒரு காலைக்குள் விடுதி முழுவதும் செல்கின்றது.

இங்கிலாந்தில் 2003-04இல் எம்.ஆர்.எஸ்.ஏ. இரத்தத்திற் புகுந்த நோயாளர் ஏறக்குறைய 7,700 பேர். அரசினர் ஒவ்வொரு மருத்துவசாலையின் கணக்கையும் வெளியிட்டு, கைச்சுத்தத்தையும் குழாய் செருகும் முறைகளையும் கட்டாயமாக்கினர்; 2011-12இல் அத்தொகை ஏழில் ஒரு பங்களவாயிற்று. இந்தியாவில் 2008, 2009ஆம் ஆண்டுகளில் பெரிய மருத்துவ நிலையங்கள் 15 சேர்ந்து கணக்கெடுத்தபோது, நோயாளரிடமிருந்து எடுத்த பொன்னிறக் கிருமிகளுள் நூற்றுக்கு 40 அளவு மெதிசிலினுக்கு அடங்காதவையாயிருந்தன. நம் நாட்டிற்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று.

ஆயின் பணியாளர் அனைவரையும் எப்பொழுதும் சோதித்தல் வேண்டுமோ? வேண்டுவதில்லை என்பதே என் கருத்து. வந்துபோகும் கிருமியைத் துரத்திக்கொண்டே இருத்தல் வீண் செலவாகும். நோய் பரவிய காலத்தும், பரவுதல் நிற்காத இடத்தும் சோதிக்கலாம். அப்பொழுது பட்டம் பார்த்துச் சோதித்தல் ஆகாது. ஹாலந்து தேசத்தார் இதில் கண்டிப்புடையவர். எம்.ஆர்.எஸ்.ஏ. உடைய நோயாளரைக் காப்பின்றித் தொட்ட பணியாளர் எவராயினும் சோதிக்கப்படுவர். கிருமி இருப்பின், அது நீங்கும்வரை நோயாளரைத் தொடும் பணியினின்று விலக்கப்படுவர். அந்நாட்டில் இக்கிருமி ஐரோப்பாவிலேயே மிகக் குறைந்த இடங்களுள் ஒன்றாக உள்ளது. இம்முறையை நாம் மேற்கொள்ளின் விலக்கிய நாள்களுக்கு முழு ஊதியமும் தருதல் வேண்டும். நாட்கூலி பெறும் ஏவலன் ஒருவன், சோதனைக்கு உட்பட்டால் வீட்டில் உலை ஏறாது என்று அறிவானாயின், சோதிக்கும் நாளில் அவன் விடுதிப்பக்கம் வருவானோ?

கிருமியை நீக்கும் முறையும் அச்சுறுத்துவதன்று. மூபிரோசின் என்னும் களிம்பை மூக்கின் முன்புறத்தில் நாள்தோறும் இரண்டு மூன்று முறையாக ஐந்து நாள் தடவுவர். குளோர்ஹெக்ஸிடின் கலந்த நீரால் உடம்பையும் தலையையும் கழுவுவர். தலையணை உறையையும் துவாலையையும் மாற்றுவர். சிலரிடத்துக் கிருமி மீண்டும் வருதல் உண்டு; தொண்டையில் உறைவதாயின் உள்மருந்தும் வேண்டும்; வீட்டிலுள்ளாரிடத்து அது இருப்பின் அவர்க்கும் இதனையே செய்வர். களிம்பையும் மிகுதியாக வழங்கினால் அதனையும் எதிர்க்கக் கிருமி கற்றுக்கொள்ளும் என்பதால், காரணமின்றி எல்லார்க்கும் தடவுதல் தகாது.

இவற்றையெல்லாம் அம்மாணவிக்குக் கடிதமாக எழுதினேன். உடனிருந்து உண்பதனால் உடன்பணியாளர்க்கு அஞ்சத்தக்க கேடு ஒன்றுமில்லை என்பதையும், கை தூய்மையாயிருத்தலே வேண்டுவதென்பதையும் தனியே குறித்தேன். இருபது நாள் கழித்து விடை வந்தது. ஐந்து நாள் களிம்பு தடவியபின், இடைவிட்டு மும்முறை சோதித்து, கிருமி இல்லையெனக் கண்டு, மீண்டும் விடுதியிற் பணிபுரிய விட்டனராம். கடிதத்தை உணவு வேளையில் உரக்கப் படித்துக் காட்டியதாகவும், இருவர் மட்டும் பலகையை அருகே இழுத்துக்கொண்டதாகவும் எழுதியிருந்தார். அவ்விடுதி மருத்துவர்களுள் எவர் மூக்கும் இதுகாறும் சோதிக்கப்பட்டதாகத் தாம் கேள்வியுறவில்லை என்பதும் அதில் இருந்தது.